இறையியல் கல்வியும் குருத்துவப் பயிற்சியும்: பெற்றோர், இளைஞர் சந்திப்பு

அன்பான சபையாருக்கு வணக்கம்.

குருத்துவப் பணிக்கான அழைப்பை உணரும் நம் திருகோணமலைப் பிள்ளைகளுக்காக, யூன் 14 ஞாயிறு காலை 9.30 மணிக்கு, ஆராதனை முடிந்ததும் ஆலய மண்டபத்தில் ஒரு சந்திப்பு நடைபெறும்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்து திருச்சபைகள் உள்ளிட்டவை இணைந்து 1963 இல் ஆரம்பித்த, கண்டிக்கு அருகிலுள்ள பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்க முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே வேதாகமம், திருச்சபை வரலாறு ஆகியவற்றோடு, பிரசங்கம் செய்யவும் நோயாளரைச் சந்திக்கவும் பழக்குகிறார்கள். வேறு படிப்புக்கு இடம் கிடைக்காதவர் போகும் வழி இது என்ற எண்ணம் நம்மிடையே இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அங்கே படித்து, விடுமுறையில் வந்திருக்கும் நம் மாணவர், தாம் கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகிய கொப்பியைக் கொண்டுவருவார். ஓரங்களில் ஆசிரியரின் சிவப்பு மைத் திருத்தங்கள் நிறைந்த அதைப் பார்த்தாலே அந்தப் படிப்பின் உழைப்பு விளங்கும்.

1. விருப்பமுள்ளவர்கள் பெற்றோருடன் வரவும். 2006 முதல் இலங்கைத் திருச்சபையில் (அங்கிலிக்கன்) பெண்களும் குருக்களாக அருட்பொழிவு பெறுவதால், மகள்மாரையும் அவசியம் அழைத்து வாருங்கள்.

2. விண்ணப்பிக்க எண்ணுவோர், ஆயரின் அனுமதி இன்றி குருத்துவப் பயிற்சிக்குச் செல்ல இயலாது என்பதால், முதலில் நம் குருவானவரிடம் தனியே பேசவும்.

3. செலவு, குடும்பப் பொறுப்பு பற்றிய கேள்விகளைத் தயங்காமல் எழுதிக் கொண்டு வரவும்.

வருவோர் தொகையை வெள்ளி மாலைக்குள் இக்குழுவிலேயே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்