உப்பு போடும் நேரம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய். நானும் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படிப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

போன வாரம் பாண்டியில் பர்கர் சாப்பிட்டேன்.

எஞ்சினியரிங் முடித்த கையோடு நீ சமையல் படிக்கப் போகிறேன் என்றபோது நான் பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நியூரம்பெர்க்கில் பர்கரும் சாசேஜும் போடுகிற பெரிய ரெஸ்டாரண்டில் வேலை கிடைத்தது என்று சந்தோஷமாகச் சொன்னாய். "ரொட்டிக்கு நடுவுல கறி வைக்கிறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் நீயாக உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஒரு கல்யாணம். பையன் என்ன பண்றான் என்று கேட்டார்கள். ஜெர்மனியில் கம்பெனியில் இருக்கிறான் என்று சொன்னேன். 31 வருஷம் சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள், என் பிள்ளை சமைக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நீ நாள் முழுக்க என்னதான் செய்கிறாய் என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

முத்தியால்பேட்டை சித்தியிடம் சொன்னேன். அவள் மகள், உன் தங்கை, காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள் இல்லையா, அவள்தான் இடம் பார்த்து வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன். தென்பெண்ணைப் பாலம் தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே பஸ்ஸில் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் வாங்கித் தருவேன், அத்தோடு சரி. கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெருக்களில் உள்ள ஹோட்டல்களுக்குள் நாம் ஒருநாளும் போனதில்லை. அதெல்லாம் நமக்கு இல்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூக் கொடி, உள்ளே மரமேஜை, மங்கலான விளக்கு. மெனு அட்டையைப் படிக்கவே உன் தங்கை வேண்டியிருந்தது. பர்கர் என்றாலே பன்றிக்கறி என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாம்பர்க் என்கிற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது பெரியம்மா, ஹாம் என்கிற கறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள். உங்கள் நாட்டு ஊர்தானாமே. எனக்கு ஆட்டுக்கறி பர்கர், அவளுக்குக் கோழி, சித்திக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாசேஜ் தட்டு என்று சொன்னோம்.

பர்கர் வந்தது. நடுவில் ஒரு மூங்கில் குச்சி குத்தியிருந்தது. கத்தி, முள்கரண்டி வைத்தார்கள், எனக்கு வரவில்லை. குச்சியை எடுத்துட்டு லேசாக அமுக்கி இரண்டு கையாலயும் பிடிங்க என்றாள் உன் தங்கை. இரண்டு கையா! இடது கையால் சோற்றைத் தொட்டதற்கு உன்னை எத்தனை தடவை அடித்திருப்பேன். சுற்றிப் பார்த்தேன், எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தேன்.

தம்பி, அந்தக் கறி வாயில் உதிர்ந்தது. மேலே தோசை ஓரம் மாதிரி முறுகல், உள்ளே சாறு. மசாலா வாசனையே இல்லை. மிளகும் உப்பும் மட்டும்தான். என் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு போடுவேன், இஞ்சி பூண்டு, சோம்பு, தேங்காய் என்று எத்தனை போடுவேன்! இதில் பிடிமானத்துக்குக்கூட ஒன்றும் இல்லை. பிறகு எப்படி உடையாமல் திருப்பிப் போடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ரொட்டியும் நம் பேக்கரி பன் மாதிரி இல்லை. வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ், பிரெஞ்சுக்காரர்களுடையது. உள்பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டியிருந்ததால் கறிச்சாறு இறங்கியும் ஊறிப்போகவில்லை.

அப்புறம் சாசேஜ், மெல்லிய தோலுக்குள் கொத்துக்கறியை அடைத்தது. மூன்று விதம். ஒன்று கோழி. ஒன்று மெர்கேஸ் என்று ஆட்டுக்கறியில் சீரகமும் மிளகாயும் போட்டுச் சிவப்பாக இருந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குப் போனதாம், நம் நாக்குக்கு ரொம்பப் பக்கம். மூன்றாவது பன்றிக்கறி. நான் தொடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் ஊர் சாசேஜ் பன்றியில்தானே செய்வது. நீ தினம் கையால் தொடுவதை நான் ஒரு வாய் தின்றால் என்ன என்று ஒரு துண்டு எடுத்தேன். தோல் பட்டென்று வெடித்தது. உள்ளே இறுக்கமாக, வழவழப்பாக இருந்தது. பர்கர் உதிர்கிறது, இது துள்ளுகிறது. இரண்டும் கொத்துக்கறிதானே, எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று சித்தியிடம் கேட்டேன்.

கேட்டபோதுதான் நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "உப்பை முன்னாடியே போட்டுப் பிசைஞ்சா பர்கர் சாசேஜ் ஆயிடும்மா." அன்றைக்கு நான் உம் கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். உன் தங்கை விளக்கினாள். கறியில் மயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உப்பு அதைக் கரைத்துப் பசையாக்கிவிடுகிறது. பிசையப் பிசைய ஒட்டிக்கொள்ளும், வெந்ததும் இறுகும். சாசேஜுக்கு அது வேண்டும், பர்கருக்கு அது ஆகாது. அதனால்தான் பர்கருக்குக் கல்லில் போடும் நேரத்தில் மேலே மட்டும் உப்பைத் தூவுகிறீர்கள். அந்த முறுகலுக்கும் பெயர் சொன்னாள். மயார் என்கிற பிரெஞ்சு வேதியியல்காரர் 1912-ல் எழுதியதாம். கறியின் புரதமும் சர்க்கரையும் நல்ல சூட்டில் சேர்ந்து அந்த நிறமும் வாசனையும் வருகின்றன, ஈரம் இருந்தால் கறி அவிந்துதான் போகும், சிவக்காது. கல் காயும் முன் மாவை ஊற்றாதே என்று சத்துணவுக் கூடத்து ஆயாவிடம் நான் கத்தியதும் இதுதான், பெயர் தெரியாமல்.

மறுநாள் காலையில் பொறுக்க முடியவில்லை. பாயிடம் போய் அரைக் கிலோ கொத்துக்கறி, கொழுப்போடு கொத்திக் கொடுங்கள் என்றேன். எப்போதும் கொழுப்பை எடுக்கச் சொல்பவள் இப்படிக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். நாலு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு என்று நீ சொன்ன கணக்குதான். வீட்டுக்கு வந்து இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் உப்பும் கொஞ்சம் ஐஸ் தண்ணீரும் விட்டுப் பத்து நிமிஷம் பிசைந்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பாதியில் ஒன்றுமே போடாமல் அமுக்காமல் தட்டி, இரும்புத் தோசைக்கல் புகையும்போது உப்பைத் தூவிப் போட்டேன். பிசைந்தது ரப்பர் மாதிரி வந்தது. பிசையாதது ஹோட்டலில் சாப்பிட்டது போலவே உதிர்ந்தது. முதலில் போட்டது மட்டும் நடுவில் பந்து மாதிரி உப்பிக்கொண்டது. பிறகு உன் பழைய வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன், நீ ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு குழி வைக்கிறாய். ஓரம் சுருங்கும்போது நடு எழும்பாமல் இருக்க. மெதுவடைக்கு ஓட்டை வைக்கிற மாதிரி உனக்கு இது. இரண்டாவது தடவை குழி வைத்தேன், தட்டையாக வந்தது.

அப்பா நாலு தின்றார். சோற்றோடுதான். உப்பு சரியா இருக்கு என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்தால் எவ்வளவு என்று உனக்கே தெரியும்.

ஹோட்டல் கதை முடியவில்லை. தட்டின் ஓரத்தில் புளித்த முட்டைக்கோஸ் வைத்திருந்தார்கள், உங்கள் ஊர் சவர்க்ரவுட். சித்தி முகம் சுளித்தாள். எனக்குப் பிடித்திருந்தது. உப்பு மட்டும் போட்டு மூடி வைத்துத் தானாகப் புளிப்பது, நம் பழைய சோற்று நீராகாரப் புளிப்புதான் அது. கறியின் கொழுப்புக்கு அது இல்லாவிட்டால் திகட்டும். சித்தி வீட்டு எதிரே ஒரு சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டுப் பாட்டி ராத்திரி சொன்னார், பன்றி ரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைப்பதும் உண்டு, பூதேன் என்று பெயர் என்று. நாம் ஆட்டு ரத்தத்தைப் பொரியல் செய்கிறோம், குடலைக் குழம்பு வைக்கிறோம். அவர்கள் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துவிட்டார்கள். உன் நியூரம்பெர்க் சாசேஜுக்கும் ஆட்டுக்குடல்தான் உறை என்று தெரிந்தபோது எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஒரு குடலை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி எடுக்க எனக்கு அரை நாள் ஆகும். ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் நீளம், 20 முதல் 25 கிராம் எடை, அந்த ஊரில் செய்தால்தான் அந்தப் பெயர் என்று 2003-ல் ஐரோப்பிய யூனியன் காப்புக் கொடுத்திருக்கிறது. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று தராசு பிடித்தவள் நான். விரல் அளவு சாசேஜுக்கு எடை பார்க்கும் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பில் 2,415 ரூபாய், 5 சதவீத ஜி.எஸ்.டி.யோடு. முதலில் சேவைக் கட்டணம் என்று 230 ரூபாயும் சேர்த்திருந்தார்கள். பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது என்று உன் தங்கை எடுத்துச் சொன்னாள், மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். பரிமாறிய பையன் கையில் நானாக 100 ரூபாய் கொடுத்தேன். விலை அதிகம்தான். ஆனால் வீண் என்று சொல்லமாட்டேன்.

கிளம்பும் முன், சமைத்தவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏதோ குறை சொல்லப் போகிறேன் என்று பரிமாறிய பையன் பயந்துவிட்டான். உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பிள்ளை வந்தான். உன் வயதுதான் இருக்கும். நெல்லிக்குப்பமாம், நம் பக்கம். என் மகனும் இதே வேலைதான் தம்பி, ஜெர்மனியில் என்றேன். முதல் தடவையாக வெளியாளிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என்னம்மா ஸ்டேஷன், கிரில்லா என்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை. சமையலறையில் நீ எந்த இடத்தில் நின்று வேலை பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி.

உள்ளே கறி வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினான். முழுத் துண்டுக் கறியில் கிருமி மேல்பக்கம்தான் இருக்கும், கொத்தும்போது உள்ளே கலந்துவிடும், அதனால் நடுவில் 71 டிகிரி வந்தால்தான் தட்டில் வைப்பேன் என்றான். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் நான் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கச் சொல்வேன். அந்தப் பயமும் அந்தப் பொறுப்பும் எனக்குத் தெரியும். தினம் அத்தனை பேர் உன்னை நம்பிச் சாப்பிடுகிறார்கள். அதைப் போய் ரொட்டிக்கு நடுவில் கறி வைப்பது என்று சொன்னேன். தப்பாகப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

நேற்று எதிர்வீட்டில், பையன் என்ன பண்றான் என்று கேட்டார்கள். என் மகன் சமையல்காரன், பர்கரும் சாசேஜும் செய்கிறான், அதில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா என்று உட்காரவைத்துச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர்களுக்கும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பன்னுக்கு என்ன செய்வது என்று மட்டும் நீ சொல்.

அந்த நெல்லிக்குப்பத்துப் பிள்ளை தெர்மாமீட்டரை நீட்டியபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். வீடியோவில் பேசும்போது நீ எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருக்கிறாய். குளிர் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை உனக்கு லீவுதானே. அன்றைக்குக் கூப்பிடுகிறேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையையும் அம்மாவுக்குக் காட்டு.

அன்புடன்,
அம்மா