நாணயக்குற்றிகளை விற்பதற்கு முன் தரச்சான்று தேவையா?

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் வீட்டிலுள்ள ஞாபகார்த்த நாணயக்குற்றிகளை விற்க எண்ணுவோரிடம் அண்மைக்காலமாக ஒரு நம்பிக்கை பரவிவருகிறது. அவற்றை முதலில் வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று பெற்றால்தான் உரிய விலை கிடைக்கும் என்பதே அது. முகநூலிலும் யூடியூப்பிலும் வரும் காணொளிகள் இதற்குத் தூபம் போடுகின்றன. அனுப்பித் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கும் இடைத்தரகர்களும் முளைத்துவிட்டார்கள். நீண்ட காலமாக நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில், பெரும்பாலான குடும்பங்களுக்கு இது வீண்செலவு என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

தரச்சான்று வழங்கும் நிறுவனங்களுள் முன்னிலையில் இருப்பவை 1986 இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987 இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949 இல் அமெரிக்காவின் பழைய செப்புச் சதங்களுக்காக வகுத்த அளவுகோலின் வழியில், இவை ஒரு குற்றிக்கு 1 முதல் 70 வரை ஓர் எண்ணைக் கொடுத்து, தொடரிலக்கத்துடன் பிளாஸ்ரிக் உறையில் முத்திரையிட்டு அனுப்புகின்றன. புழக்கத்துக்கு வராத குற்றி 60 இலிருந்து மேலே செல்லும். குற்றி அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் மட்டுமே அவர்கள் சொல்கிறார்கள். அதை இன்ன விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று உறுதி கூறுவதில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல்தான் பலர் பணத்தைக் கட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டு அலுமாரிகளில் உண்மையில் இருப்பவை எவை? 1976 அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டுக் குற்றிகள், 1981 இல் சர்வசன வாக்குரிமையின் பொன்விழாவுக்கு வந்த 5 ரூபா, சுதந்திரப் பொன்விழாவுக்கு 1998 இல் வந்த ஈருலோக 10 ரூபா, 2013 இல் 25 மாவட்டங்களுக்கும் வெளியான 10 ரூபாத் தொடர் போன்றவை. புலம்பெயர்ந்த உறவினர்கள் கொண்டுவந்தவையும் உண்டு. 1981 இல் இளவரசர் சார்ள்ஸ், டயானா திருமணத்துக்கு வெளியான பெரிய குற்றியை வெள்ளியென்றே பலர் எண்ணுகிறார்கள்; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை செம்பும் நிக்கலும் கலந்தவை, இரண்டரைக் கோடிக்கு மேல் அடிக்கப்பட்டவை. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு வந்த ஜேர்மனியின் 10 மார்க் குற்றி வெள்ளிதான், ஆனால் 62.5 வீதமே வெள்ளி, அதுவும் பத்துக் கோடியளவில் அடிக்கப்பட்டது. இத்தகைய குற்றி ஒன்றுக்குத் தரக் கட்டணம், அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் குற்றியின் விலையையே விழுங்கிவிடும். சேகரிப்போருக்கெனத் தனியாக மெருகூட்டி அடித்து, பெட்டியோடு விற்ற 'புரூஃப்' குற்றிகளின் கதையும் இதுதான். அவற்றுள் பெரும்பாலானவை 69 என்ற எண்ணையே பெறுகின்றன. விலையைத் தூக்கிவிடுவது 70 மட்டுமே, அது கிடைக்குமா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சற்று நின்று யோசிக்க வேண்டியது 1957 இல் புத்த ஜயந்தியின் 2500 ஆம் ஆண்டுக்கு வெளியான வெள்ளி 5 ரூபா. எடை 28.28 கிராம், அதில் 92.5 வீதம் வெள்ளி; ஆகவே எந்த நிலையில் இருந்தாலும் 26 கிராமுக்கு மேற்பட்ட தூய வெள்ளியின் பெறுமதி அதற்கு உண்டு. அதற்கு மேல் எவ்வளவு என்பது முகத்தின் நிலையைப் பொறுத்தது. அண்மையில் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த இக்குற்றி கண்ணாடிபோல் மின்னியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள். வீட்டில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளில் தானாகப் படிந்த சாம்பல் நிறத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள் என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கவில்லை. இதனை அனுப்பியிருந்தால் எண் எதுவும் கிடைக்காது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்பே உறையில் ஏறிவரும். கட்டணம் திரும்பி வராது. கறுத்த வெள்ளியைத் தயவுசெய்து யாரும் தேய்க்க வேண்டாம். மலிவான பிவிசி பிளாஸ்ரிக் உறைகளில் வைத்திருப்போர் அவற்றை மாற்றிவிடுங்கள். நாளடைவில் பச்சை நிறப் பிசின் படிந்து குற்றியை அரித்துவிடும்.

தரச்சான்று தேவைப்படும் இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. குற்றி அரியது, நிலை மிக நன்று, அசலா போலியா என்ற ஐயம் விலையைத் தடுக்கிறது, வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறார் என்றால் அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. சகோதரர்களுக்கிடையே பங்கு பிரிக்கையில் மூன்றாமவரின் தீர்ப்பு தேவைப்படுவதும் உண்டு. அப்போதும் சான்று பெற்ற குற்றியும் பெறாத குற்றியும் வெளிநாட்டு ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, அந்த வித்தியாசம் மொத்தச் செலவின் இரண்டு மடங்காவது இருந்தால் மட்டுமே அனுப்புங்கள் என்பேன். கேட்கப்படும் விலையை நம்ப வேண்டாம், விற்ற விலையைப் பாருங்கள்.

இடைத்தரகரிடம் கொடுப்பதானால் இரு முகங்களையும் படமெடுத்து, எடையை எழுதி, கையொப்பமிட்ட பற்றுச்சீட்டுப் பெறுவது அவசியம். எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் இவை எதுவுமின்றிக் கையளித்தார்; திரும்பிவந்த குற்றி தம்முடையதுதானா என்று அவரால் இன்றுவரை நிறுவ முடியவில்லை.

யாழ்ப்பாண மன்னர் காலத்து நந்தியும் 'சேது' என்ற சொல்லும் பொறித்த சேது நாணயங்களை வைத்திருப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவன. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். தரம் பார்க்கத்தான் அனுப்பினோம் என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது. அவற்றைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் நாடவேண்டிய இடம் அந்தத் திணைக்களமே.

இவ்வண்ணம்,
ஒரு வாசகர்,
கொக்குவில்.