தட்டிப் பார்க்கிற தேங்காய்

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் போனை வைத்துவிட்டாய். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்: "புரோட்டானை உடைக்காமலே உள்ளே பார்க்கிறோம்னாளே, அதெப்படி?"

30 வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். கரும்பலகையில் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகள்களுக்காக மூன்று வட்டம் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி (ஸ்பின்) அரை; இரண்டில் அம்புக்குறி மேலே, ஒன்றில் கீழே, கூட்டினால் அரை. புரோட்டானின் தற்சுழற்சி முடிந்தது என்று டஸ்டரைத் தட்டிவிட்டு வந்துவிடுவேன். உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 1988லேயே ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இ.எம்.சி. என்ற ஆய்வுக் குழு அந்தக் கணக்கைக் கவிழ்த்துவிட்டது என்பது நீ அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். குவார்க்குகளின் தற்சுழற்சி சுமார் 30 சதவீதம்தானாம். மிச்சம் குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான்களிலும், இரண்டும் உள்ளே சுற்றி வருவதிலும். எத்தனை பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்!

அம்மாவுக்கு நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். கரண்டியில் ஊதா நிறத்தில் உறைந்த அம்மோனியா மணிகள். "கற்கண்டுக்குச் சாயம் போட்ட மாதிரி இருக்கே" என்றாள். கதிர்வீச்சு பட்டதால் வந்த நிறம், அதை 1 கெல்வின் (சுமார் மைனஸ் 272 டிகிரி) குளிரில், 5 டெஸ்லா அளவு வலுவான காந்தத்துக்குள் வைத்து, நுண்ணலை பாய்ச்சி, அதிலுள்ள ஹைட்ரஜன் புரோட்டான்களின் தற்சுழற்சியை ஒரே பக்கம் திருப்புவார்கள், அவைதான் சோதனையின் இலக்கு என்றேன். தலையாட்டினாள், அவ்வளவுதான்.

பிறகு அவளே வழி காட்டினாள். சந்தையில் தேங்காயைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பாளே, அதுதான். பழைய சோதனைகள் பெரும்பாலும் தேங்காயை உடைத்துச் சில்லைப் பார்த்தவை. குவார்க் எவ்வளவு உந்தத்தைச் சுமக்கிறது என்று தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. இப்போது எலக்ட்ரான் சுண்டுகிறது, புரோட்டான் முழுசாகவே நகர்கிறது, சத்தத்துக்குப் பதில் ஒரு ஒளித்துகள் வெளியே வருகிறது. மூன்றும் போகும் கோணத்தை அளந்தால், குவார்க் எங்கே, எவ்வளவு உந்தத்தோடு இருக்கிறது என்பது சேர்ந்து கிடைக்கும். இடமும் உந்தமும் தெரிந்தால்தானே கோண உந்தம், அதாவது உள்ளே சுற்றி வருவதன் அளவு! அது பதினோராம் வகுப்புப் பாடம், அதை மட்டும் ஒழுங்காக நடத்தினேன்.

"அப்ப எதுக்கு ராத்திரியெல்லாம் கண்முழிக்கணும்?" என்றாள். உடையாமல் நகர்வது அபூர்வம், காத்திருந்து பொறுக்க வேண்டும் என்றேன். சரிதானே?

எதிர்வீட்டுப் பையன் டியூஷனுக்கு வருகிறான். அடுத்த வாரம் அணுக்கரு. மூன்று வட்டத்துக்குப் பதில் என்ன வரையட்டும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அப்பா