அசுவினிக்கு ஒரு குறிப்பு

அன்புள்ள முருகேசா,

நீ அனுப்பிய புதிர்க் கட்டம் வந்து சேர்ந்தது. நேற்று மத்தியானம் முழுக்க அதோடுதான் இருந்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீ இவ்வளவு சீக்கிரம் கட்டம் போட உட்கார்ந்ததே பெரிய சந்தோஷம்.

இடமிருந்து வலம் 7-இல் 'ஒரு வகைப் பூச்சி (4)' என்று கொடுத்திருந்தாய். கரையான் என்று எழுதினேன். மேலிருந்து கீழே விசிறி வந்தபோதுதான் அழித்துவிட்டு அசுவினி என்று போட்டேன். இதில்தான் எனக்கு மனத்தாங்கல். அசுவினியைப் போய் 'ஒரு வகை' என்று தள்ளிவிடலாமா?

எங்கள் அவரைப் பந்தலில் இப்போது அதுதான். கொழுந்தெல்லாம் எள்ளைக் கொட்டினாற்போல் கருப்பாக அப்பிக் கிடக்கிறது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு தாய், ஆண் துணை இல்லாமலே, முட்டையும் இடாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. குட்டியின் பின்பக்கம்தான் முதலில் வெளியே வருகிறது. அந்தக் குட்டி பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை கரு கட்டியிருக்கும். பக்கத்திலேயே ஓர் எறும்பு அசுவினியை உணர்கொம்பால் தட்டித் தட்டி, அது விடும் தேன் துளியை வாங்கிக் குடிக்கிறது. அம்மா இருந்திருந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவியிருப்பாள். எனக்கு இன்னும் ஒரு நாள் பார்க்கவேண்டும் போலிருந்தது.

பெயரிலேயே உனக்குக் குறிப்பு இருக்கிறதே: 'இருபத்தேழில் முதலாவது, அவரையில் வந்தால் குடி கெடும் (4)'.

அப்புறம் நீர்த்தெள்ளு. 'நீரில் வாழும் பூச்சி (6)' என்பது தப்பு, மாற்றிவிடு. அது பூச்சியே இல்லை, இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்தது. நாய் மேல் இருக்குமே தெள்ளுப்பூச்சி, அது மாதிரி துள்ளித் துள்ளி நீந்துவதால் வந்த பெயர். விலங்கியல் எடுத்த காலத்தில் மைக்ராஸ்கோப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று அடிப்பது அப்படியே தெரியும். வால் பெஞ்சுப் பையன்கூட வாய் திறக்காமல் பார்ப்பான். 'துள்ளும், கடிக்காது, கண் ஒன்றே, இறாலுக்கு உறவு' என்று போட்டுப் பாரேன்.

ஈருக்கு நீ எழுதியதைத் தொடவே வேண்டாம். 'இழு, பேன் இட்டது (2)'. படித்ததும் கைதட்டினேன். அப்படித்தான் இருக்கவேண்டும் எல்லாம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் எட்டிப் பார்க்கிறது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. அடுத்த கட்டத்தில் இலைப்பேனுக்கு இடம் வை, ஐந்து எழுத்து. குறிப்பை நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்