இணைப்பு முனைகளின் நெரிசலை வெளியிட வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணைய நிறுவனங்களைப் பொதுச் சேவை நிறுவனங்களாகக் கருதி ஒழுங்குபடுத்தலாமா என்பதில் அமெரிக்கா இன்னும் தடுமாறுகிறது. 2015-இல் விதி வந்தது, 2017-இல் போனது, 2024-இல் திரும்பியது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நம் நிலை மேல். தளத்துக்குத் தளம் டேட்டா கட்டணம் மாறக் கூடாது என்று 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தடை விதித்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ அதோடு இங்கே நின்றது. குறிப்பிட்ட தளத்தைத் தடுக்கவோ வேகம் குறைக்கவோ கூடாது என்பது 2018-இல் உரிம நிபந்தனையாகவே சேர்ந்தது. எல்லாத் தளத்தையும் ஒன்றுபோல நடத்தும் இந்த ‘இணையச் சமநிலை’ மீறப்படுவதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் உடனே கம்பெனியின் சதி என்று சொல்லிவிட முடியாது. வழக்கமான ஃபைபர் இணைப்பில் கம்பெனி பக்கத்து ஒரு போர்ட்டின் டவுன்லோடு திறன் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால், 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டவருக்கும் 39-க்கு மேல் வராது. எல்லாத் தளமும் ஒன்றாக மந்தமானால் அது நெரிசல்; சமநிலை மீறல் ஆகாது.

ஒரு தளம் மட்டும் மந்தமா? வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் சோதியுங்கள். சாதாரண ஸ்பீட் டெஸ்ட் பல நேரம் உங்கள் கம்பெனியின் சர்வரையே எடுத்துக்கொள்ளும். எண் நன்றாகத்தான் இருக்கும். மந்தமானது நெட்ஃபிளிக்ஸ் என்றால் அடுத்து ‘ஃபாஸ்ட் டாட் காம்’ போட்டுப் பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து இழுக்கும். முதல் சோதனையில் 95 எம்பிபிஎஸ், இதில் 8 என்றால், வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் விபிஎன் போட்டு மறுபடி ஓட்டுங்கள். வேகம் ஏறினால் அந்தத் தளத்துக்குப் போகும் பாதையில் கோளாறு இருக்கிறது. காலையிலும் இரவிலுமாக ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் கொடுத்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனை ஒரு எல்லையோடு நின்றுவிடும். வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தாலும், கம்பெனியின் நெட்வொர்க் அந்தத் தளத்தின் நெட்வொர்க்கோடு சேரும் இடமான இணைப்பு முனையை விரிவாக்காமல் நிரம்பி வழிய விட்டாலும் வீட்டில் தெரிவது ஒரே அறிகுறி. இரண்டாவது இன்னும் ஆபத்தானது. பெரிய தளங்கள் நெட்வொர்க் கட்டணம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டு வருகின்றன. நெரிசலான முனை அந்தப் பேரத்துக்கு நல்ல ஆயுதம். நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2024 பிப்ரவரியில் ட்விட்ச் தென்கொரியாவை விட்டே வெளியேறியது. நஷ்டம் அங்கே பார்வையாளர்களுக்குத்தான்.

விலையை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போட்டி உள்ள தெருவில் அது தேவையும் இல்லை. ஒரே கம்பெனியின் ஃபைபரை மட்டும் உள்ளே விடும் அடுக்குமாடிகளின் கதை வேறு. வேறு வழியில்லாத அந்த வீடுகளுக்குப் பொதுச் சேவைக்குரிய கடமைகள் கட்டாயம் பொருந்த வேண்டும்.

சமநிலையைக் கண்காணிக்கப் பல தரப்பினர் கொண்ட அமைப்பு ஒன்றை ட்ராய் 2020 செப்டம்பரில் பரிந்துரைத்தது. எந்த இணைப்பு முனை, எந்த நேரத்தில், எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்ற கணக்கை நிறுவனங்களிடம் வாங்கி, மாதந்தோறும் வெளியிடும் அதிகாரம் அதற்கு வேண்டும். கடலடி கேபிள்கள் கரையேறும் சென்னையிலேயே தொலைத்தொடர்புத் துறை இதைத் தொடங்கலாம்.

– நெட்வொர்க் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை–42