இடையன்குடி போறோம்: வாற ஞாயிறு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். இந்த மாதப் பயணம் திசையன்விளை பக்கம் இருக்கும் இடையன்குடிக்கு. கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்து தமிழை ஆராய்ந்த பிஷப் கால்டுவெல் குடியிருந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கி 2011-இல் திறந்துவிட்டது. நம்மில் பாதிப்பேர் திசையன்விளை வரை போயும் அதைப் பார்த்ததில்லை.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்தவர். சென்னையில் இருந்து பெரும்பாலும் நடந்தே வந்து 1841-இல் இந்தச் செம்மணல் தேரிக்காட்டில் குடியேறினார். அவர் எழுதிய ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ 1856-இல் வந்தது. திருநெல்வேலி வரலாற்றை 1881-இல் எழுதினார். ஊரின் தெருக்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும், அவர் போட்ட திட்டம் அது. அவர் மனைவி எலைசா அங்கே பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அந்தம்மாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நாம் பேசுவோம்.

பக்கத்திலேயே தேவாலயம். 1847-இல் தொடங்கி 1880-இல்தான் முடிந்தது. கொடைக்கானலில் 1891-இல் இறந்தவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகே உள்ளே போகலாம், செருப்பை வெளியே விடுங்கள்.

நாடார்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய புத்தகம் கிளப்பிய கோபமும் பேச்சில் வரும். வரட்டும், ஆனால் வேனுக்குள் சண்டை வேண்டாம்.

காலை 7 மணிக்கு நெல்லை வண்ணார்பேட்டையில் வேன். குடை, தண்ணீர் அவசியம். அங்கே பனைமர நிழல்தான், அதை நம்ப முடியாது. அப்புறம், வியாழனுக்குள் பேர் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் ‘நானும் வாறேன்’ என்றால் சீட் கிடையாது.