மூன்று மணிக் காவல்

வவுனிக்குளம்
தை 22

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இன்சுலின் தொடங்கிய நாள் முதல் படுக்கவே பயமாயிருக்கிறது, இரவில் இரத்தத்தில் சீனி குறைந்து காலையில் எழும்புவேனோ தெரியாது என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன், கோபிக்காதே. போன வருசம் நானும் அப்படித்தான் கிடந்தேன். ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

காலபோக அறுவடை நேரம். வயலுக்கு யானை இறங்குகிறது என்று காவல் கொட்டிலில் படுக்கப் போனேன். பகல் முழுக்க நெல் மூட்டை தூக்கிய களைப்பு. ஏழு மணிக்கு ஊசியைப் போட்டுவிட்டு, புட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். சாமம் இரண்டரை இருக்கும், விழிப்பு வந்தது. சேட் தொப்பலாக நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன். ரோச்சை எடுத்தால் சுவிட்ச் விரலுக்குப் பிடிபடவில்லை, கை அப்படி நடுங்குகிறது. நெஞ்சு அடித்த அடியில், யானைதான் பக்கத்தில் நிற்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பிளேன்ரீக்கு வைத்திருந்த பனங்கட்டி கையில் தட்டுப்பட்டது. ஏனென்று தெரியாமலே கடித்துத் தின்றேன். கால் மணித்தியாலத்தில் நடுக்கம் அடங்கியது. யானை வரவேயில்லை.

அதற்குப் பிறகு நான் ஆடியதுதான் கூத்து. படுக்குமுன் ஒரு பக்கற் பிஸ்கட். 16 யூனிட் போடச் சொன்னால் 12. சில இரவு அதுவும் இல்லை. கிளினிக்கில் கேட்டால், 'ஓம், ஒழுங்காகப் போடுகிறேன்.' மூன்று மாதச் சராசரி காட்டுகிற இரத்தப் பரிசோதனை 10.4 வீதம் என்று ஏறி நின்றது. டொக்டர் ஏசவில்லை. "ஐயா, இரவில் சீனி குறைந்துவிடும் என்று பயமோ?" என்று கேட்டார். பங்கருக்குள் படுத்து எழும்பினவன் ஒரு ஊசிக்குப் பயந்தேன் என்று சொல்ல வெட்கம். தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் போடுவது கலவை இன்சுலின், கெதியாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது. இரவு போட்டது நடுச்சாமத்தை ஒட்டித்தான் உரமாக வேலை செய்யுமாம். பகலில் உடம்பு முறிய உழைத்தால் தசை இரவிலும் சீனியை இழுத்துக்கொண்டிருக்குமாம். சாப்பாடும் பாதி. பிறகு குறையாமல் என்ன செய்யும்? அளவை அவரே மாற்றித் தந்தார். நீயும் டொக்டரைக் கேட்டுக் குறை, என்னைப்போல் களவாக வேண்டாம்.

பிறகு நாலு இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து, விரலில் குத்தி, மகளின் பழைய கொப்பியில் எழுதினேன்: 118, 104, 131, 96. எழுபதுக்குக் கீழே போனால்தான் குறைவு. உன் மெஷின் வேறு அளவில் காட்டும், அதில் அது 3.9. 18 ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு வரும். ஐந்தாம் இரவு அலாரமே வைக்கவில்லை, விடிய மட்டும் நித்திரை.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தலைமாட்டில் ஒரு சீனிப் பேணி இருக்கிறது, எறும்புக்காகத் தண்ணீர்ச் சட்டிக்குள் நிற்கிறது. குறைந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பேன். ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறினபின் இரண்டு பிஸ்கட். நினைவு தப்பினால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றக்கூடாது, 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடு என்று மனிசிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சீனி பார்க்க உன் கையில் ஒட்டிய சென்சர் இரவெல்லாம் கத்துகிறது என்கிறாய். இன்சுலினைக் கண்டுபிடித்ததே உன் ரொறொன்ரோவில்தான், 1921 இல். அந்த ஊரில் இருந்துகொண்டு நீ பயப்படுகிறாய்! சென்சர் ஒட்டிய கைப்பக்கம் சரிந்து படுத்தால் அது பொய்யாகவும் கத்துமாம். உடம்பு ஒன்றும் செய்யாமல் அது மட்டும் கத்தினால் விரலில் குத்திப் பார். எனக்கு வாய்த்த சென்சர் மனிசிதான். சாமத்தில் போர்வை இழுத்துவிடுகிற சாட்டில் பிடரியைத் தொட்டு வேர்வை பார்ப்பாள். நான் நித்திரை மாதிரிக் கிடப்பேன்.

சித்திரைக்கு வருவாய்தானே? சொக்லேட் கொண்டு வராதே, அதிலுள்ள கொழுப்பால் சீனி ஏறச் சுணங்கும், குறைந்த நேரத்துக்கு உதவாது. என் மெஷினுக்கு ஸ்ட்ரிப் இரண்டு பெட்டி கொண்டு வா. இங்கே விலை கையைக் கடிக்கிறது. எந்த மெஷின் என்று மனிசி படம் எடுத்து அனுப்புவாள்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழன்